இருவருக்கும் சம்மதமான பல்கலைக்கழகம்

அந்த வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. பேச்சு மட்டும் தாராளமாக உண்டு. அப்பா, அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். அம்மா, அப்பாவிடம் கேட்க வேண்டியதை மகளிடம் கேட்பாள். இதற்காக ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மூவரும் ஒரே மேஜையில், ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

"உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா உங்கம்மாவை" என்பார் அப்பா. உப்பு ஜாடி இருவர் கைக்கும் எட்டும் தூரத்தில் நட்டநடுவே நிற்கும்.

"ஏன், உங்கப்பாவுக்குக் கை கழண்டு விழுந்துடுச்சாமா?" என்பாள் அம்மா.

மகள் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, "இதோ தர்றாங்களாம்ப்பா" என்று ஜாடியைத் தானே நகர்த்தி வைப்பாள்.

இந்த ஏற்பாடு தொடங்கியபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பெரிய கடையில், வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கான கவுண்டரில் வேலை பார்ப்பவள். ஒருநாள் அந்தக் கடையின் லிஃப்டில் அம்மா மாட்டிக்கொண்டாள். கூடவே கடை மேனேஜர், ஒரு கர்ப்பிணி, சுருட்டிய கம்பளத்தைத் தோளில் சுமந்த ஒரு மலை மாதிரி மனிதர். அந்த லிஃப்டைப் பராமரிப்பது அப்பாவின் கம்பெனி. அப்பாவே வந்து கதவைப் பிளந்தார். உள்ளே வியர்வையில் ஊறி, கம்பளத்தின் ஒரு முனை கன்னத்தில் அழுந்த நின்றிருந்த மனைவியைப் பார்த்து, கடையே திரண்டு வேடிக்கை பார்க்க, அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த பட்டனை அழுத்தித் தொலைச்ச?"

அம்மா பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், "சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லுடி" என்று தொடங்கியது. அதற்கப்புறம் மகள் சுமந்த சேதிகளை மூட்டை கட்டியிருந்தால் நாலு லாரி போதாது. சித்தப்பா அவளுக்குத் 'தபால்' என்று பேர் வைத்தார். "என்ன தபால், இன்னிக்கு ரெண்டு தரப்புலயும் போர் நிறுத்தமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார்.

ஆனால் தபால்காரர் கவரைப் பிரிப்பதில்லை. இவள் பிரிப்பாள், படிப்பாள், வேறொன்றை எழுதி உள்ளே வைத்து ஒட்டியும் விடுவாள். "அந்த மூளை கெட்டவகிட்ட சொல்லு, நாளைக்குத் தண்ணி வராதுன்னு" என்பது அம்மாவின் காதை அடையும்போது, "தண்ணி பிடிச்சு வெச்சுக்கிட்டா நல்லதுன்னு அப்பா சொன்னார்" என்று குளித்துத் தலைவாரி வந்து நிற்கும். அப்பா சொல்லாத நன்றிகளையும் அம்மா கேட்காத மன்னிப்புகளையும் இவளே தயாரித்து விநியோகம் செய்தாள். அதனால் அப்பாவுக்கு அம்மா கொஞ்சம் நல்லவள்; அம்மாவுக்கு அப்பா கொஞ்சம் தேவலை. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இருவரும் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவள்தான் துவண்டு போனாள். பதினெட்டு வயதில் அவளுக்கு, பணி ஓய்வுக்கு விண்ணப்பம் போட்டு அது மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும் குமாஸ்தாவின் முகம். காலையில் எழும்போதே தோள்பட்டை வலிக்கும்.

அப்படிப்பட்டவள் சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்றதும் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அதை நீ எதுக்குப் படிக்கணும்? நேரா போய் சொல்லிக் குடுத்துட்டு வா!"

இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தருவதாகச் சொல்லியிருந்தன. ஒன்று பக்கத்தில், வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கதவருகே இறக்கிவிடும். அதன் உளவியல் துறை நீச்சல்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. படிக்கட்டிலேயே குளோரின் வாடை. முதல் வருடத்தில் பாதி புள்ளியியல். மோசம் என்று சொல்ல முடியாது. மற்றது தூரத்தில், இரவெல்லாம் ரயிலில் போய், காலையில் ஒரு பஸ்ஸும் பிடிக்க வேண்டும். குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை அந்தத் துறையோடு ஒட்டியே இருந்தது, பேராசிரியர்கள் பெயர்பெற்றவர்கள். யாராவது கேட்டால் அவள் இதையெல்லாம்தான் ஒப்பிப்பாள். உண்மையான காரணம் வேறு. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் விடுதி அறையின் படம் ஒன்று இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கதவு. ஒரே ஒரு நாற்காலி! அந்த அறையில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லமாட்டார்கள். மற்ற பெண்கள் சினிமா நடிகரின் படத்தைப் பார்ப்பதுபோல் அவள் அந்தக் கதவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சாயங்காலம் அம்மாவிடம் பேச்செடுத்தாள். அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க, உடைத்துவிட்டு 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு' என்கிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த களைப்பு கையில் தெரிந்தது. சட்டியைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அது பாதி கரைந்திருக்கும்.

"தூரத்துலயே போய்ப் படி" என்றாள் அம்மா, திரும்பாமலே. "இந்த மனுஷன் மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிடக்கணும்னு என் தலையெழுத்து. உனக்கென்ன வந்துச்சு? இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தியாவது தப்பிக்கட்டும். போய் அப்படியே சொல்லு உங்கப்பாகிட்ட. ஒரு எழுத்து மாத்தாம சொல்லு."

அப்பா பால்கனியில் பழைய மின்விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் ஒரு நடை. அதுதான் அவளுடைய பட்டறை. வழக்கம்போல் அந்த நடையில் சேதியைக் கழுவினாள். மூஞ்சியை எடுத்தாள், தலையெழுத்தை எடுத்தாள், தப்பிப்பதையும் எடுத்தாள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறுங்கையோடு போய் நிற்க முடியாதே என்று, அப்பாவின் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்தாள்: "அம்மா யோசிக்கிறாங்கப்பா. ரொம்ப தூரமா இருக்கேன்னு..."

அப்பாவின் கை நின்றது. "நான் தூரத்துலதான் போகணும்னு நினைச்சேன். அது பெரிய இடமாச்சே." கொஞ்சநேரம் ஒரு திருகாணியை உள்ளங்கையில் உருட்டினார். "அவளுக்கு மனசு இல்லன்னா விடும்மா. அவளை அழவிட்டுட்டு என்ன படிப்பு? பக்கத்துலயே பாத்துக்கோ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத. அதுக்கும் ஒரு கதை கட்டுவா."

திரும்பி நடந்தாள். நடையின் பாதியில்தான் அவளுக்கு உறைத்தது, இருவருமே கேட்டது தூரத்தைத்தான் என்று. ஆனால் கால் நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் அதுபாட்டுக்கு நடந்து போய்ச் சமையலறையில் நின்று, வாயும் அதுபாட்டுக்குத் திறந்தது. "அப்பாவுக்கு... பக்கத்துல இருந்தா தேவலைன்னு தோணுதும்மா."

சட்டி தொட்டியில் விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "அதானே பாத்தேன்! உன்னை விட்டா அவருக்கு ஓடியாட யாரு இருக்கா? சரி, அவரு ஆசைப்படியே ஆகட்டும். நடுவுல நான் ஒருத்தி குறுக்க நிக்கலைன்னு சொல்லிடு."

அது பால்கனிக்குப் போய்ச் சேர்ந்தபோது: "அம்மாவுக்கும் சம்மதமாம்ப்பா."

இப்படியாக, யாருக்குமே விருப்பமில்லாத பல்கலைக்கழகம் குடும்பத்தார் அனைவரின் ஏகோபித்த சம்மதத்தோடு தேர்வானது. அந்த வீட்டில் லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

அவள் கட்டிலில் குப்புற விழுந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். எழுந்து போய், 'அப்பா, அம்மா அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னாங்க' என்றால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு நூலை இழுத்தால்? இதை மாற்றிச் சொன்னவள் வேறு எதையெல்லாம் மாற்றிச் சொன்னாள் என்று கேட்கமாட்டார்களா? கேட்டால் வீடு மொத்தமும் அவிழ்ந்துவிடும். அந்தச் சின்ன அறையின் கதவை மனசுக்குள் ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்தாள். பிறகு போனில் சேமித்து வைத்திருந்த அந்தப் படத்தை அழித்தாள். போகட்டும். புள்ளியியல் படிக்கலாம். சேதி சுமக்கலாம். வயசாகி ஒருநாள் செத்தும் போகலாம். எல்லாவற்றுக்கும் பஸ் வசதி இருக்கிறது.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கையை உறுதி செய்ய, பெற்றோரோடு நேரில் வர வேண்டும் என்பது வழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூவரும் போனார்கள். வராந்தாவில் வரிசை பாம்பாக நெளிந்தது. அதன் முடிவில், மேஜைக்குப் பின்னால் ஒரு பேராசிரியை. காலையிலிருந்து பெற்றோர்களைச் சந்தித்துச் சந்தித்து அவர் முகம் பிழிந்த துணிபோல் ஆகியிருந்தது. பக்கத்தில் ஆடை படிந்த ஒரு டம்ளர் டீ. யாராவது உட்காரும்போதெல்லாம் அதை எடுப்பார். யாராவது பேசும்போதெல்லாம் கீழே வைப்பார்.

"ரெண்டு இடம் கிடைச்சிருக்கு. இதைத்தான் எடுக்கறீங்க. காரணம் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"உங்கப்பாவைச் சொல்லச் சொல்லு" என்றாள் அம்மா மகளிடம்.

"உங்கம்மாவே சொல்லட்டும்" என்றார் அப்பா மகளிடம்.

"அது வந்து மேடம்..." என்று மகள் தொடங்கினாள்.

பேராசிரியை டம்ளரைக் கீழே வைத்தார். "நீ கொஞ்சம் பேசாம இரும்மா. நான் அவங்களைத்தான் கேட்டேன். அம்மா, நீங்க சொல்லுங்க."

மகள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேராசிரியைக்கு ஒரு தொழில் பழக்கம். எதிரே இருப்பவர் சொன்னதை, அவர் வார்த்தையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்வது. மனக்குறை சொல்ல வருகிறவர்களிடம் அப்படிச் செய்தால் 'நம்மைக் கேட்கிறார்கள்' என்று அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். வருஷக்கணக்கில் செய்து செய்து, காய்கறிக்காரரிடம்கூட "தக்காளி நல்லா இருக்குன்னு சொல்றீங்க" என்று சொல்லும் அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

"நான் எங்க மேடம் முடிவு பண்ணேன்?" என்றாள் அம்மா. "பக்கத்துலயே கிடக்கணும்னு அவங்கப்பாதான் ஒத்தக் கால்ல நிக்கறாரு."

பேராசிரியை அப்பா பக்கம் திரும்பினார். "பக்கத்துலயே கிடக்கணும்னு நீங்க ஒத்தக் கால்ல நிக்கறீங்கன்னு சொல்றாங்க."

"நானா?" அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "அநியாயமா இருக்கே மேடம். அவதான் தூரம் தூரம்னு மருகறான்னு கேள்விப்பட்டு, சரி, அழுது தொலைக்கப் போறாளேன்னு விட்டுக் குடுத்தேன்."

"நீங்க அழுது தொலைக்கப் போறீங்களேன்னு விட்டுக் குடுத்தாராம்."

மகள் இருமினாள். தண்ணீர் பாட்டிலைக் கீழே தள்ளினாள். அது உருண்டு வரிசைவரை போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் எதுக்கு அழறேன்? இந்த மனுஷன் மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிடக்கறது என் தலையெழுத்து, அவளாவது தப்பிக்கட்டும், தூரமாவே போகட்டும்னுல்ல சொன்னேன்!"

"மேடம், வேணாம்..." என்றாள் மகள்.

"உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிடக்கறது அவங்க தலையெழுத்துன்னு சொன்னாங்க" என்றார் பேராசிரியை, ஒரு எழுத்து சிந்தாமல். "மகளாவது தப்பிச்சுத் தூரமா போகட்டும்னு."

அப்பாவின் கை தானாகப் போய்த் தாடையைத் தடவியது. பிறகு மெதுவாக, நேராக, மனைவியைப் பார்த்தே கேட்டார்:

"மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?"

"வீட்டுல கண்ணாடி இல்லையா?" என்றாள் அம்மா, அவரைப் பார்த்தே.

ஆகாயம் இடிந்து விழவில்லை. வராந்தாவில் பின்னால் நின்றவர்கள் அலுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

"அப்ப நீ யோசிக்கிறேன்னு சொல்லவே இல்ல?"

"நீங்க பக்கத்துலன்னு சொல்லவே இல்ல?"

இருவரும் ஒரே சமயத்தில் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"அந்தப் பச்சை ஸ்வெட்டர்..." என்றாள் அப்பாவிடம். "அது எனக்கு நல்லா இருக்குன்னு நீங்க சொன்னீங்கதானே?"

"எந்தப் பச்சை ஸ்வெட்டர்?"

அம்மா முழங்கையைக் கையால் மறைத்துக்கொண்டாள். முழங்கை கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்து, இன்றைக்கும் அவள் போட்டிருந்தது அந்தப் பச்சை ஸ்வெட்டரைத்தான். அப்பா தாமதமாக அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, இப்போது ஏதாவது சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று தெரிந்து, சன்னலுக்கு வெளியே நீச்சல்குளத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மகளுக்கு அழுகை வரவில்லை. அழவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. பொய்தான், ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன அன்று அம்மா கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாளே, அது பொய் இல்லையே? இதை யாரிடம் கேட்பது?

"சரி, இங்க சேரறதா இல்லையா?" என்றார் பேராசிரியை. டீ இப்போது உறைந்து கல்லாகியிருக்கும்.

"அவளைக் கேளுங்க" என்றார் அப்பா, குளத்தைப் பார்த்தபடி.

"அவளையே கேளுங்க" என்றாள் அம்மா, மடியைப் பார்த்தபடி.

மகள் வாயைத் திறந்தாள். பழக்கம், முதலில் யாருடைய சேதி என்று தேடியது. ஒன்றும் இல்லை. கைவசம் இருந்தது தன்னுடைய வாக்கியம் மட்டும். அதையாவது கொஞ்சம் கழுவித் தரலாமா என்று பார்த்தாள். அதற்கு ஒரு நடை வேண்டும், இங்கே நாற்காலியோடு நாற்காலி ஒட்டிக் கிடந்தது.

"நான் தூரத்துலதான் போறேன்" என்றாள். "எனக்கு அலுத்துப்போச்சு."

"எதுடி அலுத்துப்போச்சு?"

"நீங்க ரெண்டு பேரும்."

பேராசிரியை பழக்க தோஷத்தில் பெற்றோர் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் அவளுக்கு..."

"காதுல விழுந்துச்சு மேடம்" என்றார்கள் அப்பாவும் அம்மாவும், ஒரே குரலில்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே மகள், போனில் தூரத்துப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, 'உறுதி செய்கிறேன்' என்று இருந்த இடத்தை அழுத்தினாள். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். குளிர் அடித்தது. "போட்டுக்கோம்மா" என்று சொல்ல மகள் வாயெடுத்தாள். அது யார் சொல்ல வேண்டியது என்று யோசித்து நிறுத்திக்கொண்டாள். அப்பா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தார்கள். யார் நேராகக் கேட்டிருக்க வேண்டும், யார் நேராகச் சொல்லியிருக்க வேண்டும், பச்சை நிறம் யாருக்குப் பிடிக்கும், யார் யாருடைய அண்ணன் வீட்டு விசேஷத்தில் யாரை மதிக்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பாக்கி வட்டியோடு இறங்கியது. சண்டை வேகத்தில் இருவரும் ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. மகள் கடைசி வரிசைக்குப் போனாள். அங்கிருந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஒவ்வொன்றையும் எப்படி மாற்றியிருக்கலாம் என்று நாக்கு தானாகப் புரண்டது. 'உனக்கு என்னிக்கு அறிவு இருந்துச்சு' என்பதை 'கொஞ்சம் யோசிச்சுப் பாரு'வாக்கலாம். 'உங்க அம்மா புத்தி உங்களுக்கு' என்பதை... அதை ஒன்றும் செய்ய முடியாது. சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல் தூக்கம் வந்தது.

விழித்தபோது பஸ்ஸில் ஒருவரும் இல்லை. வெளியே வரிசையாக வேறு பஸ்கள், எண்ணெய்ப் பிசுக்குத் தரை, ஒரு குழாயடி. டிப்போ. டிரைவர் முன்கதவில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இறங்கணும்மா நீ? முன்னாடி ரெண்டு பேரு கத்திக்கிட்டே இறங்கிப் போனாங்க, அவங்க கூட வந்தவளா?"

"ஆமா."

"விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"ஆமா" என்றாள். அதை இன்னொரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் இல்லாமலே போயிருக்கிறார்கள். இறங்கும் வரைக்கும், இறங்கிய பிறகும் அவள் இல்லாமலே பேசியிருக்கிறார்கள்.

"டீ குடிச்சுட்டு வந்து திரும்ப எடுப்பேன். இதுலயே இரு" என்று டிரைவர் இறங்கிப் போனார்.

போன் அடித்தது. அப்பாவின் எண். எடுத்தாள். அவள் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"...பின்னாடி உக்காந்திருக்கான்னு உனக்குத் தெரியுமில்ல, எழுப்பறதுக்கென்ன?"

"முன்னாடி இறங்கி ஓடினது யாரு? திரும்பிப் பாத்தீங்களா?"

"நீ பேசற பேச்சுல என் பேரே எனக்கு மறந்துபோச்சு, இதுல எங்க திரும்பிப் பாக்கறது?"

"ஏய், எங்கடி இருக்க?" என்றது அம்மாவின் குரல், மிக அருகில்.

"டிப்போல. பஸ் திரும்பி வரும். வந்துடறேன்."

"அங்கயே இரு, இவரை அனுப்பறேன்."

"என்னை அனுப்பறதுக்கு இவ யாரு? நானே போறேன்!"

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. பேசிக்கொண்டேயிருந்த போனைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, கால்களை மடக்கிக்கொண்டு, டிரைவர் டீயை நிதானமாகக் குடிக்கட்டும் என்று வேண்டியபடி மறுபடி கண்ணை மூடினாள்.